லாப்ரடார் நாயின் முட்டி ஜவ்வு: அறுவைச் சிகிச்சைக்குப் போவதா, பொறுத்துப் பார்ப்பதா?

தோட்டத்துவீடு_ஏற்காடு

வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் நாய்க்குப் பின்னங்கால் முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்றும், அப்படியானால் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோய் எலும்பை அறுத்துத் தகடு பொருத்தும் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும் என்றும் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஆளுக்கொரு கருத்தாக இருப்பதால், இதைக் கடந்து வந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

மணிக்கு வயது ஆறு, எடை 38 கிலோ. காப்பித் தோட்டத்துக்குள் குடியிருப்பதால் வாசலை விட்டு இறங்கினால் சரிவு, திரும்பி ஏறினால் கற்படி. மழைக்காலத்திலிருந்தே காலையில் எழுந்தவுடன் வலப் பின்னங்காலைச் சற்று நொண்டுவான்; கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். அண்மையில் குரங்குகளைத் துரத்திக்கொண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே ஓடியதற்குப் பிறகு அந்தக் காலின் விரல் நுனியை மட்டுமே தரையில் வைக்கிறான். உட்காரும்போது காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டிக்கொள்கிறான். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஓர் ஊசி போட்டு, ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

இளமையிலிருந்தே வேட்டை நாய்களோடு பழகிய என் மாமனார், நல்ல எலும்பை அறுப்பது பாவம், எலும்பு வைத்தியரிடம் பற்றுப் போட்டுக் கட்டினால் போதும் என்கிறார். என் கணவரோ உடனே பெங்களூருக்குப் புறப்பட வேண்டும் என்கிறார். எக்ஸ்ரேயில் தெரியாத ஒன்றைக் கிழிந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? சில வாரங்கள் காத்திருந்தால் கெடுதல் உண்டா? அறுவைச் சிகிச்சை செய்தாலும், இந்த மலைச்சரிவு வீட்டில் அவனை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

அஸ்தம்பட்டி_வாசகி

சகோதரி, எங்கள் ராட்வைலர் பெண் நாய்க்கு இதே காலில் இதே சிகிச்சை நடந்தது. இப்போது ஓடுகிறாள். ஆனால் அறுவைச் சிகிச்சை நடந்த அந்த ஒரு நாளைவிட, அதற்குப் பின் வந்த மூன்று மாதங்கள்தான் எங்களைச் சோதித்தன. எனவே உங்கள் கடைசிக் கேள்வியை முதல் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நாயை ஓர் அறையில் அடைத்து வைக்க இடம் உண்டா? சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துப்போகும் ஒவ்வொரு முறையும் கழுத்துப்பட்டையும் கயிறுமாக ஒருவர் கூடப் போக முடியுமா? இவற்றுக்கு விடை இல்லாமல் பெங்களூர் போய்ப் பயனில்லை.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இணையத்தில் நோயறிய முடியாது. சோதிக்கும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

நாய்களின் முட்டியில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து வைக்கும் இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அவற்றுள் முன்பக்கத்து ஜவ்வுதான் பெரும்பாலும் கிழிகிறது. விளையாட்டு வீரர்களுக்கு நேர்வது போல ஒரே நொடியில் நடந்த விபத்தாக இது நாய்களிடம் இருப்பது குறைவு. ஜவ்வின் நார்கள் பல மாதங்களாக நைந்து வந்து, கடைசியில் ஒரு சாதாரண ஓட்டத்திலோ தாவலிலோ அறுந்துபோகின்றன. மழைக்காலத்திலிருந்தே காலையில் நொண்டினான் என்று நீங்கள் எழுதியிருப்பது அதற்குப் பொருந்துகிறது. குரங்கின் மீது பழி போட வேண்டியதில்லை. லாப்ரடார், ராட்வைலர் போன்ற இனங்களில் இது அதிகம். உடல் பருத்த நாய்களிலும் அதிகம்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பது உண்மை. ஆனால் மூட்டுக்குள் நீர் கோத்திருப்பதும், அதனால் முட்டியின் முன்புறத்துக் கொழுப்புப் பகுதி நெருக்கித் தள்ளப்பட்டிருப்பதும், எலும்பு விளிம்புகளில் புதிதாக முளைத்த சிறு முட்களும் தெரியும். உறுதி செய்வது கையால்தான். ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளிப் பார்ப்பார்கள். ஜவ்வு அறுந்திருந்தால் மேசை இழுப்பறை போல அது முன்னே நகரும். விழித்திருக்கும் 38 கிலோ நாய் வலியில் தசையை இறுக்கிக்கொண்டால் எவ்வளவு தேர்ந்த கைக்கும் இது பிடிபடாது. பாதி மட்டுமே கிழிந்திருந்தாலும், பழைய கிழிசலாகி மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு தடித்திருந்தாலும் அசைவு குறைவாகவே இருக்கும். ஆகையால் இலேசான மயக்கம் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், நீங்கள் இன்னும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் கட்டத்துக்கே வரவில்லை.

இன்னொன்று, போட்ட ஊசியின் பெயரை எழுதி வாங்குங்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால், அதன் மேல் கார்ப்ரோபென், மெலாக்சிகம் போன்ற வலிநிவாரணிகளைச் சேர்ப்பது குடலிலும் இரைப்பையிலும் புண்ணையும் இரத்தக்கசிவையும் வரவழைக்கும். நடுவே இடைவெளி விட வேண்டும். வீட்டு அலமாரியில் இருக்கும் ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற மனித மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

ஆத்தூர்க்காரன்

மருத்துவர் ஐயாவின் அறிவை மதிக்கிறேன். இருந்தாலும் என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்த நாட்டு நாய்க்கு இதே நிலை வந்தது. கையில் பணம் இல்லாததால் அறுவைச் சிகிச்சையைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. தாழ்வாரத்தில் கட்டிப்போட்டு வைத்தோம். இரண்டு, மூன்று மாதங்களில் ஊன்றத் தொடங்கி, இலேசான நொண்டலோடு முதுமை வரை நன்றாகவே வாழ்ந்தது. இப்போதெல்லாம் எடுத்தவுடனே தகடு, திருகாணி என்று போவது மருத்துவமனைகளின் வருமானத்துக்காகவோ என்ற ஐயம் எனக்கு உண்டு. இயற்கை தானே ஆற்றும் என்பதற்கு இடம் கொடுக்க வேண்டாமா?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

இடம் கொடுக்கலாம், எந்த நாய்க்கு என்பதுதான் கேள்வி. உங்கள் நாய் எத்தனை கிலோ இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நாட்டு நாய் என்பதால் பதினைந்து கிலோவுக்கு அருகில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன்.

1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஜவ்வு கிழிந்து, அறுவைச் சிகிச்சை செய்யப்படாத 85 நாய்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 15 கிலோவும் அதற்குக் குறைவுமான நாய்களில் ஏறத்தாழ 86 விழுக்காடு தேறின. அதற்கு மேற்பட்ட எடையுள்ள நாய்களில் தேறியவை 19 விழுக்காடு மட்டுமே. என் ஊகம் சரியென்றால் உங்கள் நாய் முதல் கூட்டத்தை ஒட்டியது; மணி இரண்டாவது கூட்டம். ஒன்றின் அனுபவத்தை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

உங்கள் பக்கத்துக்கும் சான்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமாகாது. 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், எடை மிகுந்த பெரிய நாய்களுக்கு எடைக் குறைப்பு, உடற்பயிற்சி சிகிச்சை, வலிநிவாரணி ஆகிய மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தபோது, அறுவை இல்லாமலே ஓராண்டு முடிவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் நல்ல நிலையில் இருந்தன. அறுவையும் செய்துகொண்ட கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு. இடைப்பட்ட மாதங்களில் அறுவை செய்தவை தெளிவாகவே முன்னே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் இரண்டு கூட்டத்துக்கும் எடையைக் குறைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தாழ்வாரத்தில் கட்டிப்போட்டு மூன்று வேளையும் சோறு போடுவது அந்தச் சிகிச்சை ஆகாது.

ஆத்தூர்க்காரன்

பதினேழு கிலோ. எடையில் உங்கள் ஊகம் ஏறக்குறைய சரி. வருமானம் பற்றிய என் ஐயத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கன்னங்குறிச்சி_பொமரேனியன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பொமரேனியனும் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு தாவி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடுகிறது. இதுவும் அதே ஜவ்வுதானா?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முட்டிச் சில்லு தன் பள்ளத்தைவிட்டு உட்பக்கமாக நழுவி, மீண்டும் உள்ளே வருவது போலத் தோன்றுகிறது. சிறிய இன நாய்களில் இதுவே அதிகம். இதை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். முதல் படியில் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் கத்தி தேவைப்படாது, மூன்றிலும் நான்கிலும் இருப்பவற்றுக்குப் பெரும்பாலும் தேவைப்படும், இரண்டாவது படியில் நொண்டல் எத்தனை அடிக்கடி வருகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். சில்லு நழுவும் நாய்களுக்கு வயதான பின் ஜவ்வும் கிழிவதுண்டு என்பதால் எடையை ஏற விடாதீர்கள். மேற்கொண்டு தனி இழையில் கேளுங்கள். இங்கே மணியின் கதை கலங்கிவிடும்.

தோட்டத்துவீடு_ஏற்காடு

எல்லோருக்கும் நன்றி. ஊசியின் பெயரைக் கேட்டு வாங்கினேன், ஸ்டீராய்டுதான். மயக்கம் கொடுத்துச் சோதிக்கவில்லை என்பதும் உறுதியாகிவிட்டது.

எலும்பை அறுப்பது என்றால் என்ன என்பதை என் மாமனாருக்கு விளங்கும்படி யாராவது எழுத முடியுமா? கிழிந்தது ஜவ்வு என்றால் ஜவ்வைத்தானே தைக்க வேண்டும், முறியாத எலும்பை ஏன் அறுக்கிறார்கள் என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. கேள்வி நியாயமானது என்றே எனக்கும் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

மிகவும் நியாயமான கேள்வி. கால்நடை மருத்துவர்களே பல காலம் அதில் உழன்றார்கள்.

நைந்து அறுந்த ஜவ்வைத் தைத்தால் நிற்காது. துணியே இற்றுப்போன இடத்தில் ஊசி பிடிக்காது. ஆகவே பழைய முறையில், மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையைக் கட்டி, அறுந்த ஜவ்வின் வேலையை அதனிடம் கொடுத்தார்கள். இன்றும் சிறிய நாய்களுக்கும், செலவைத் தாங்க முடியாத இடங்களிலும் அது நல்ல முறைதான். அந்த இழை சில மாதங்களில் தளரும். அதற்குள் மூட்டைச் சுற்றி உருவாகும் தழும்புத் திசு முட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 38 கிலோ நாய், அதுவும் சரிவில் வாழும் நாய், அந்த இழையை அவசரமாகத் தளர்த்திவிடும் வாய்ப்பு அதிகம்.

எலும்புக்கு வருவோம். நம் கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் ஏறக்குறைய மட்டமாக இருக்கிறது. நாய்களுக்கு அது பின்னோக்கி இருபது பாகைக்கு மேல் சரிந்திருக்கிறது. மணி காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் தொடை எலும்பு அந்தச் சரிவில் பின்னால் வழுக்கப் பார்க்கிறது, கீழ்க்கால் எலும்பு முன்னால் தள்ளப்படுகிறது. இதைத் தடுத்து நிறுத்துவதே அந்த ஜவ்வின் வேலை. பார்க்லே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை அறுவை மருத்துவர் 1993-இல் வெளியிட்ட முறையில், ஜவ்வைத் திருத்துவதை விட்டுவிட்டுச் சரிவைத் திருத்தினார். கீழ்க்கால் எலும்பின் மேல்பகுதியை வளைவாக அறுத்து, சற்றே சுழற்றி, சரிவை ஐந்து பாகை அளவுக்குக் குறைத்து, அந்த நிலையில் தகடும் திருகாணியும் போட்டு நிறுத்துகிறார்கள். அதன்பின் ஜவ்வு இல்லாமலே, காலை ஊன்றும்போது முட்டி நிலைத்து நிற்கிறது. இதைத்தான் டி.பி.எல்.ஓ. என்கிறார்கள். சூரிச் நகரில் உருவான டி.டி.ஏ. என்ற மற்றொரு முறையும் உண்டு. அதில் முட்டிச் சில்லின் நாண் பற்றியிருக்கும் எலும்பு முனையை முன்னே நகர்த்துவார்கள். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. அறுவை மருத்துவரின் கை எந்த முறையில் பழகியிருக்கிறதோ அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

எலும்பு வைத்தியரின் கட்டு முறிந்த எலும்பை அசையாமல் வைத்துக் கூட வைப்பது. இங்கே முறிவே இல்லை. முட்டிக்கு மேலே தொடை கூம்பிப் போவதால் நாயின் பின்னங்காலில் கட்டும் நிற்காது, கீழே வழுக்கி இறங்கிப் புண்தான் ஆகும். உளுந்தும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பற்றை நாய் நக்கியே தீர்த்துவிடும். அதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் விண்டர்கிரீன் எண்ணெய் சேர்ந்த வலித்தைலங்களைத் தேய்த்து, அதை நாய் நக்கினால் அது நஞ்சு.

சுவர்க்கபுரி_வாசன்

பெரியவர் பாவம் என்று சொன்னதை யாரும் எள்ளிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பேச முடியாத உயிருக்கு வலியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம் என்ற தயக்கம் அவருடையது. அதே தயக்கம், நாள்தோறும் நகரும் மூட்டில் நடக்கும் வலியைக் குறித்தும் வர வேண்டும். நாய்கள் முனகுவதில்லை என்பதால் வலி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தொடைத் தசை இரண்டு பக்கமும் ஒரே பருமனாக இருக்கிறதா என்று ஒரு தையல் நாடாவால் அளந்து பாருங்கள். பயன்படுத்தாத கால் விரைவில் மெலியும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்தால் பெரியவருக்கே விளங்கும்.

தோட்டத்துவீடு_ஏற்காடு

அளந்தோம். வலத்தொடை கண்ணுக்கே தெரியும் அளவுக்குச் சிறுத்திருக்கிறது. நாடாவை மாமனாரே பிடித்தார். அதற்குப் பிறகு பற்றுப் போடும் பேச்சு நின்றுவிட்டது. எலும்பை அறுக்கச் சம்மதம் என்றும் அவர் சொல்லவில்லை.

இதற்கிடையில் புதிய சிக்கல் ஒன்று. அஸ்தம்பட்டி சகோதரி தனிச்செய்தியில் சொன்னபடி இரத்தப் பரிசோதனை செய்தோம். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவாக இருக்கின்றன, உண்ணிக் காய்ச்சலுக்கான எர்லிக்கியா சோதனையிலும் இருப்பதாகக் காட்டுகிறது. காய்ச்சல் எதுவும் இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறான். இப்போது நொண்டலுக்கே அதுதான் காரணமா என்று குழப்பமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

இதைத்தான் நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். சகோதரி அஸ்தம்பட்டி முந்திக்கொண்டது நல்லதாயிற்று. தோட்டத்தில் திரியும் நாய்க்கு உண்ணி ஏறாமல் இருக்காது. நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கேனிஸ் என்ற கிருமி, வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் உடலில் தங்கியிருந்து தட்டணுக்களைக் குறைத்துக்கொண்டே இருக்கும். தட்டணு குறைந்த நாயின் எலும்பை அறுத்தால் இரத்தம் நிற்பது கடினம். ஆக, அறுவைச் சிகிச்சை அவசியமே என்றாலும் இப்போது செய்யக் கூடாது.

நொண்டலுக்கு அது காரணமா என்பதற்கு: உண்ணிக் காய்ச்சலில் மூட்டு அழற்சி வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் பல மூட்டுகளில் வரும், இன்று ஒரு கால் நாளை மற்றொரு கால் என்று மாறும். ஒரே முட்டி, பக்கவாட்டில் நீட்டி உட்காருவது, ஒரு தொடை மட்டும் மெலிவது ஆகியவை ஜவ்வையே காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து இருக்கலாம். இந்தக் கிருமிக்கு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை வழக்கமாக நான்கு வாரம் கொடுப்பார்கள். நாய் தேறியதாகத் தோன்றினாலும் நடுவில் நிறுத்தாதீர்கள், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உணவோடும் தண்ணீரோடும் கொடுங்கள். முடிந்தபின் தட்டணுவை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில வாரங்கள் காத்திருந்தால் கெடுதலா என்று கேட்டிருந்தீர்கள். அடக்கி வைத்திருந்தால் பெரிய கெடுதல் இல்லை. அவிழ்த்துவிட்டால் கெடுதல் உண்டு: எலும்புகளுக்கு இடையே மெத்தையாக இருக்கும் உட்புறக் குருத்தெலும்புத் தட்டு, நகரும் மூட்டில் நசுங்கிக் கிழியும். நடக்கும்போது முட்டியில் ‘கிளிக்’ என்ற ஒலி கேட்டால் அது நடந்திருக்கலாம். அப்படிக் கிழிந்த பகுதியை அறுவையின்போது அகற்றாவிட்டால் எந்தத் தகடும் வலியைப் போக்காது.

அஸ்தம்பட்டி_வாசகி

அந்த நான்கு வாரமும் உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடையைக் குறைக்க இதைவிட நல்ல நேரம் வராது. விலா எலும்புகளைக் கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும் விரலை வைத்தவுடன் எண்ண முடிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். லாப்ரடார் வளர்ப்பவர்கள் பலரும் இந்த அளவை மெலிவு என்று தவறாக நினைக்கிறார்கள். மணியின் உடற்கட்டைப் பொறுத்து 32 கிலோ அளவுக்கு வரலாம் என்று தோன்றுகிறது. மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சோற்றைக் குறைத்து, வேகவைத்த சுரைக்காய், பீன்ஸ், சிறிது பூசணி சேர்த்தால் வயிறு நிறைந்ததாக உணர்வான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்துவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

48 லாப்ரடார்களைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை தொடர்ந்து பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளில் பாதிக்குக் கால்வாசி உணவைக் குறைத்தே கொடுத்தார்கள். குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதிகம் வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. எங்கள் வீட்டில் பிஸ்கட் தகராறு வரும்போதெல்லாம் நான் சொல்வது இதைத்தான்.

ஆத்தூர்க்காரன்

இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெங்களூருக்கும் சென்னைக்கும் ஓடும் முன் அருகில் இருப்பவற்றைப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கப்பட்டது, சேலத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். எங்கள் பக்கம் ஆத்தூரைத் தாண்டித் தலைவாசலில் 2021-இல் புதிய கால்நடைக் கல்வி வளாகம் வந்திருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு. அங்கே முழுமையான சோதனையாவது செய்துகொண்டு, இந்தக் குறிப்பிட்ட அறுவையை அங்கே செய்கிறார்களா, எத்தனை செய்திருக்கிறார்கள் என்று கேட்டு, பிறகு முடிவு செய்யலாம். இல்லை என்றால் சென்னை வேப்பேரியில், 1903-இல் தொடங்கப்பட்ட கல்லூரி உண்டு.

தனியாரிடம் போனால் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். சொல்லும் தொகையில் தகடு, மயக்க மருந்து, உள்நோயாளிக் கட்டணம், மறு எக்ஸ்ரே எல்லாம் அடங்குமா, தகட்டில் சீழ் பிடித்து அதை எடுக்க வேண்டி வந்தால் அது தனிச் செலவா என்பதைப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள். மறுகாலைப் பற்றியும் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

ஆத்தூர் நண்பர் கடைசியில் சொன்னதை வலியுறுத்துகிறேன். ஒரு காலில் ஜவ்வு கிழிந்த நாய்களில் பாதிக்கு நெருக்கமானவற்றுக்கு மறுகாலிலும் கிழிகிறது, பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள். கையில் இருக்கும் பணம் முழுவதையும் முதல் காலுக்கே செலவழிக்கும் திட்டம் கூடாது.

தோட்டத்துவீடு_ஏற்காடு

மறுகாலைப் பற்றிப் படித்ததும் என் கணவரின் பெங்களூர் வேகம் தானாகவே குறைந்துவிட்டது. டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டோம். அது முடிந்து தட்டணு ஏறியபின், கல்லூரி மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து முட்டியைச் சோதிக்கச் செய்வது என்றும், ஜவ்வு முழுவதும் அறுந்திருந்தால் டி.பி.எல்.ஓ. செய்வது, பாதி மட்டுமே என்றால் எடைக் குறைப்போடு மேலும் பார்ப்பது என்றும் மூவரும் பேசியிருக்கிறோம். மாமனார் இதற்கு மட்டும் தலையசைத்திருக்கிறார்.

வீட்டைப் பற்றி அஸ்தம்பட்டி சகோதரியிடம் கேட்க வேண்டும். சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய தரை, நன்றாக வழுக்கும். வாசலில் ஏழு கற்படி. இங்கே அவனை எப்படி வைத்துக்கொள்வது?

அஸ்தம்பட்டி_வாசகி

தரைக்குத் தேங்காய் நார்ப் பாயை அவன் நடக்கும் வழி முழுவதும் விரித்து, ஓரங்களை ஒட்டிவிடுங்கள். விரித்த பாயே வழுக்கினால் வெறுந்தரையைவிட மோசம். பாதத்து விரலிடை மயிரையும் நகத்தையும் வெட்டி வையுங்கள். படிகளுக்கு மரப்பலகையால் சாய்தளம் போட்டு, மேலே கோணியை ஆணியடித்துவிடுங்கள், மழையில் பலகை வழுக்கும். தோட்டத்துத் தச்சர் அரை நாளில் செய்துவிடுவார். அதன் மேல் ஏறி இறங்க இப்போதே பழக்குங்கள், வலியோடு இருக்கும் நாய்க்குப் புதிதாக ஒன்றைக் கற்பிக்க முடியாது. ஓர் அறையில் கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவனுக்கு ஒதுக்குங்கள். தாவி ஏற ஒன்றும் இருக்கக் கூடாது.

அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் நீளமான துண்டு ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டு, பின்புறத்தின் பாரத்தை நாம் தாங்கியபடி நடத்திப்போக வேண்டும். 38 கிலோவுக்கும் 32 கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டை அப்போது உங்கள் முதுகு சொல்லும். தையல் பிரிக்கும் வரை, அதாவது பத்திலிருந்து பதினான்கு நாள் வரை, கழுத்துக் கூம்பைக் கழற்றவே கூடாது. ஓர் இரவில் நக்கியே தையலைப் பிரித்துவிடுவார்கள். கயிற்றோடு மெதுவாக நடப்பது மட்டுமே, அதுவும் மட்டமான இடத்தில். தோட்டச் சரிவு வேண்டாம், காப்பி உலர்த்தும் களம் இருந்தால் அதுவே போதும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறு எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியதைப் பார்த்த பிறகே தூரத்தைக் கூட்டுவார்கள். மூன்றாவது வாரத்தில்தான் பெரிய ஆபத்து: வலி போய்விடும், தான் குணமாகிவிட்டதாக அவன் நினைப்பான், எலும்பு இன்னும் கூடியிருக்காது. குரங்குச் சத்தம் கேட்டால் அறையின் சன்னலை மூடிவிடுங்கள்.

சுவர்க்கபுரி_வாசன்

மலைப்பாதையை மறந்துவிடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்திலும் நாய் காலை ஊன்றிச் சமநிலை தேடும், அது அந்த முட்டிக்குத்தான் பாரம். பின்னிருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பழைய மெத்தை கொண்டு நிரப்பி, இருக்கை மட்டத்துக்கு உயர்த்திப் படுக்க வையுங்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தையல் பிரிக்க ஏற்காட்டிலேயே கால்நடை மருந்தகத்தில் முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் ஒருமுறை ஏறி இறங்குவது மிச்சம்.

தோட்டத்துவீடு_ஏற்காடு

மணிக்கு வளைவுகளில் வாந்தி வரும். சோதனைக்குப் போகும் நாளில் காலையில் ஏதாவது கொடுத்து அழைத்துப்போகலாமா, வெறும் வயிற்றோடா?

ஓய்வுபெற்ற_கால்நடை_மருத்துவர்

வெறும் வயிற்றோடு. மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்பதால் முதல் நாள் இரவோடு உணவை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை எதுவரை வைக்கலாம் என்பதை மயக்கம் கொடுப்பவரிடம் கேளுங்கள். பயண வாந்திக்கு மாரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது, மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார், புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கையில் பழைய எக்ஸ்ரே படங்கள், ஸ்டீராய்டு ஊசி போட்ட தேதி, தட்டணுக் கணக்கின் இரண்டு முடிவுகள், இப்போது கொடுக்கும் மாத்திரைகளின் அட்டை ஆகிய எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். மயக்கத்தில் இருக்கும்போது இடக்கால் முட்டியையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.